100 சதவீதம் என்று எழுதும் முன்: கவுன்சில் வீடுகளின் பாதுகாப்புக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு கவுன்சிலிலோ (உள்ளாட்சி அமைப்பு) ஹவுசிங் அசோசியேஷனிலோ (லாப நோக்கில்லாத வீட்டு அமைப்பு) பாதுகாப்புப் பிரிவில் டேட்டா அனலிஸ்டாகச் சேர்ந்தால், கைக்கு வருபவை பெரும்பாலும் ஆறு: கேஸ், மின்சாரம், தீ, ஆஸ்பெஸ்டாஸ், தண்ணீர், லிஃப்ட். மாதாமாதம் ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீத வீடுகளுக்குச் சோதனை முடிந்திருக்கிறது என்று போட்டு மேலே அனுப்ப வேண்டும். தப்பாகப் போட்டாலும் அந்த எண் பார்க்க நன்றாகவே இருக்கும் என்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

நான் முதலில் வைக்கும் தவறு, ஒப்பந்தக்காரர் தரும் பட்டியலையே மொத்தம் என்று நம்புவது. கேஸ் சாதனங்களை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு விதிமுறை. பட்டியலில் 8,000 வீடு, 8,000க்கும் சான்றிதழ் இருக்கிறது, சரி, 100 சதவீதம் என்று எழுதிவிடுகிறோம். போன மாதம் புதிதாக வாங்கிய வீடு அதில் ஏறியிருக்கிறதா? ஏறாத வீட்டுக்கு இன்ஜினியர் போக மாட்டார். உங்கள் அறிக்கையிலும் அது சிவப்பாகத் தெரியாது, ஏனென்றால் அது அங்கே இல்லவே இல்லை. அதனால் சொத்துப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். கேஸ் உள்ள வீடுகள், கேஸ் இல்லை என்று ஆதாரம் உள்ள வீடுகள் இரண்டையும் கழித்த பிறகு மிச்சம் பூஜ்யமாக வர வேண்டும். ‘இல்லை’ என்பதற்கும் ஆதாரம் தேவை. காலியாகக் கிடக்கும் கட்டத்தை ‘இல்லை’ என்று படிக்கக் கூடாது.

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்பது. இத்தகைய வீடுகளைக் கண்காணிக்கும் அரசு ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஏப்ரலில் கொண்டுவந்த அளவீடுகள் கட்டடத்தை எண்ணுவதில்லை, வீட்டை எண்ணுகின்றன. உங்களிடம் 100 கட்டடங்கள். 99இல் ஆறாறு வீடுகள், ஒன்றில் மட்டும் 120 வீடுகள் என்று வையுங்கள். அந்த ஒன்றின் தீ அபாய மதிப்பீடு தவணை தாண்டிவிட்டது. கட்டடக் கணக்கில் 99 சதவீதம். வீட்டுக் கணக்கில் 714இல் 594, அதாவது 83 சதவீதம்தான்.

சோதனை நடந்த தேதி இருந்தாலே பச்சை நிறம் கொடுப்பதும் பரவலான பழக்கம். மின்சார அறிக்கை ஐந்து ஆண்டுக்குள் எடுக்கப்பட்டிருக்கும். ஆனால் முடிவு ‘திருப்தியில்லை’, உள்ளே சி1 (உடனடி ஆபத்து) அல்லது சி2 (ஆபத்தாகக் கூடியது) குறை. அந்த வீட்டில் ஆபத்து இன்னும் இருக்கிறது. தீ மதிப்பீட்டிலும் இதே கதை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்து 72 உயிர்கள் போயின. மதிப்பீடுகள் சுட்டிக்காட்டிய வேலைகள் முடிக்கப்படாமல் குவிந்து கிடந்ததை 2024இல் வந்த விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. என் கருத்தில், மதிப்பீடு எத்தனை முடிந்தது என்பதைவிட, அதில் சொன்ன வேலைகளில் எத்தனை எவ்வளவு நாளாகக் கிடக்கின்றன என்பதே முதல் பக்கத்தில் வர வேண்டும்.

தேதிக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கேஸ் சோதனையைக் கெடுவுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் செய்தால் பழைய ஆண்டுத் தேதியையே வைத்துக்கொள்ளலாம். எட்டாவது மாதத்திலேயே செய்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. சோதித்த நாளிலிருந்து 12 மாதம்தான். சூத்திரம் இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் ஒரு வீடு 16 மாதம் சோதனையில்லாமல் ஓடும். அப்புறம், கதவு திறக்கவில்லை என்று திரும்பிய வருகையை ‘முடிந்தது’ என்று மூடிவிடும் பதிவுகளையும் தேடிப் பாருங்கள். முகவரிகளை எழுத்தை வைத்து இணைக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள யுபிஆர்என் என்ற தனி அடையாள எண்ணை வைத்து இணையுங்கள்.

ஈரக்கசிவும் பூஞ்சையும் எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் இரண்டே வயதான அவாப் இஷாக், வீட்டுப் பூஞ்சையால் 2020 டிசம்பரில் இறந்தான். அவன் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சிலும் அசோசியேஷனும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது: அவசர ஆபத்தை 24 மணி நேரத்தில் ஆராய்ந்து நீக்க வேண்டும், கணிசமான ஆபத்தை 10 வேலை நாளில் ஆராய வேண்டும். இந்த நாட்களை வேலைச்சீட்டு போட்ட தேதியிலிருந்து எண்ணாதீர்கள். நிர்வாகத்துக்கு விஷயம் தெரிய வந்ததை வைத்துத்தான் கடிகாரம் ஓடுகிறது: 24 மணி நேரம் அந்தக் கணத்திலிருந்து, வேலை நாட்கள் மறுநாளிலிருந்து. திங்கட்கிழமை போனில் சொன்னது வியாழக்கிழமை சீட்டாகியிருந்தால் மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது. அந்த அழைப்பு ‘பெயின்ட் வேலை’ என்ற தலைப்பில் பதிவாகியிருக்கவும் கூடும். குறிப்புப் பகுதியில் பூஞ்சை, ஈரம், கறுப்புக் கறை போன்ற சொற்களைத் தேடுங்கள். புகாரே வராத கட்டடத்தைப் பிரச்சினை இல்லாத கட்டடம் என்று எழுதாதீர்கள். ஆங்கிலம் வராதவர்கள், முன்பு சொல்லிச் சலித்தவர்கள் கூப்பிடாமலே இருந்துவிடுகிறார்கள்.

அறிக்கையை அனுப்பும் நாளில் பச்சையாக இருக்கும் வரிகளில் பத்தை எழுந்தமானமாக எடுத்து, ஒவ்வொன்றின் சான்றிதழையும் திறந்து பாருங்கள். முகவரி, தேதி, முடிவு மூன்றும் உங்கள் அட்டவணையோடு ஒத்துப்போகின்றனவா? ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் அறிக்கையை நிறுத்தி, அந்த வீட்டுக்கு அன்றைக்கே ஆள் போக ஏற்பாடு செய்யுங்கள்.