வயதான பெற்றோருக்குப் பிள்ளையாக வளர்வது எப்படி?

நான் பிறந்தபோது அப்பாவுக்கு 49, அம்மாவுக்கு 42. பள்ளி வாசலில் "உங்க தாத்தா வந்திருக்கார்" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். "அப்பா" என்று ஒரே வார்த்தையில் திருத்திவிட்டு நடையைக் கட்டுங்கள். விளக்கம் சொல்ல நின்றால் அவர் முகம்தான் வாடும்.

காது மந்தமானால் கத்தாதீர்கள். வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். கத்தினால் நம் குரல் இன்னும் கீச்சென்று ஏறும். டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரிய எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள். பாதிச் சண்டை குறையும்.

மருந்துகளின் பெயர், அளவு, வேளை, எதற்காக என்பதை ஒரே தாளில் எழுதிப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையும் அதில் வரவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

சொத்துப் பேச்சு எங்கள் வீட்டில் சங்கடமானதுதான். "எனக்கு என்ன?" என்று ஆரம்பிக்காமல் "எந்தக் கோப்பு எங்கே இருக்கு, காட்டுங்கப்பா" என்று கேளுங்கள். உயில் பேச்சு தானாக வரும்.

அப்புறம் பழைய புகைப்படங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். கல்யாண ஜோடியை விடுங்கள், அவர்களை எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் நிற்பவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.