எத்தனால் கலந்த பெட்ரோலில் டர்போ டியூனிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் டர்போ கார் வைத்திருக்கும் நம்ம ஆட்கள் இன்ஜின் கணினியின் (இசியு) செட்டிங்கை மாற்றித் தரும் டியூனரிடம் போனதும் கேட்பது, "அண்ணா, எத்தனை பிஎச்பி ஏறும்?" அதற்கு முன்னால் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: டேங்கில் இப்போது எத்தனை சதவீதம் எத்தனால் இருக்கிறது?

ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) 2023 பிப்ரவரியில் இதே ஊரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது சாதாரண பங்க் பெட்ரோலே அதுதான். ஆனால் வெளிநாட்டில் எழுதி இங்கே இசியுவில் ஏற்றும் டியூன் ஃபைல்கள் (மேப்) பல, ஈ5, ஈ10 பெட்ரோலுக்கானவை. பங்க் பலகையை மட்டும் நம்பி டியூன் செய்வதுதான் முதல் தவறு. அளந்து பார்ப்பது கஷ்டமில்லை. நெருப்பு அண்டாத திறந்த இடத்தில், 100 மில்லி அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கீழ் அடுக்கு 28 மில்லி கோட்டில் நின்றால் 18 மில்லி எத்தனால், அதாவது 90-ல் 20 சதவீதம். அடிக்கடி கலவையை மாற்றுபவர்கள் ஃப்ளெக்ஸ் ஃப்யூல் சென்சாரே போட்டுவிடுவது நல்லது. பரவலாகக் கிடைக்கும் சென்சார் எத்தனாலே இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ் காட்டும், முழு எத்தனாலுக்கு 150. ஈ20-க்கு 70 வர வேண்டும்.

அடுத்த குழப்பம் ஏஎஃப்ஆர், அதாவது எடையில் ஒரு பங்கு எரிபொருளுக்கு எத்தனை பங்கு காற்று என்ற விகிதம். சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். ஈ20-க்கு சுமார் 13.5, ஈ85-க்கு சுமார் 9.8. எக்ஸாஸ்டில் பொருத்தும் வைட்பேண்ட் சென்சார் அறிவது லாம்ப்டாவை மட்டுமே: முழுதாக எரியத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பது. மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எந்தக் கலவை ஊற்றினாலும் லாம்ப்டா 1 என்றால் அதில் 14.7 என்றுதான் வரும். இது தெரியாமல் ஈ85 ஊற்றிவிட்டு மீட்டரில் 9.8 வரும்வரை எரிபொருளைக் கூட்டினால் லாம்ப்டா 0.67-க்குப் போய்விடும். தீப்பொறி தவறும், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் கழுவப்படும், கீழே ஆயிலிலும் பெட்ரோல் கலக்கும். ஏஎஃப்ஆரை மறந்துவிட்டு மீட்டரை லாம்ப்டாவுக்கே மாற்றிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்ஜின்கள் உண்மையில் சாவது டைமிங்கில்தான், அதாவது தீப்பொறியை எத்தனை டிகிரி முன்கூட்டி விடுகிறோம் என்பதில். பெட்ரோலில் டைமிங்கை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்து எரிவது) வரும், அங்கே நிறுத்துவோம். எத்தனால் அதிகமுள்ள கலவையில் அந்த எச்சரிக்கையே வராமல் போகலாம். எத்தனால் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றை நன்றாகக் குளிர்விக்கும், ஆக்டேனும் அதிகம். அதனால் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) உச்சத்தைத் தாண்டிய பிறகும் நாக் சென்சார் அமைதியாகவே இருக்கும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், கனெக்டிங் ராடு வளையும். "நாக் இல்லையே, இன்னும் ரெண்டு டிகிரி ஏத்தலாமா?" என்ற கேள்விக்கு இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோதான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிப் பாருங்கள். ஒரு டிகிரி ஏற்றியும் டார்க் கூடவில்லையா, அதைத் திரும்ப எடுத்துவிடுங்கள். ஈ20-ல் கிடைக்கும் லாபம் சிறியது. ஈ85 மேப்பைப் பார்த்து ஈ20-க்கும் அதே டைமிங் வைத்தால் நாக்கிங் நிச்சயம்.

எரிபொருள் சப்ளையையும் பாருங்கள். ஈ85-க்குக் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் ஹை பிரஷர் பம்ப் தாக்குப்பிடிக்காமல் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்) சரிந்தால், உயர் ஆர்பிஎம்மில் கலவையில் எரிபொருள் குறைந்து லீனாகிவிடும்.

நம் ஊருக்கென்றே ஒரு தவறு உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சுமார் 0.91 பார். இரவு நேரக் குளிரில் இங்கே டியூன் முடித்து, மே மாதம் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாகச் சென்னைக்கு இறங்குகிறோம். ஸ்பிரிங்கை மட்டும் நம்பிப் பூஸ்டை (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ தரும் அழுத்தம்) கட்டுப்படுத்தும் வண்டியில் இங்கே 1 பார் பூஸ்ட் என்றால் உள்ளே மொத்தம் 1.91 பார், சென்னையில் அதுவே 2.01. வேலூர்ப் பக்கம் வெயிலும் 40 டிகிரியைத் தாண்டும். அழுத்தமும் சூடும் சேர்ந்தால், இங்கே ஒரு சத்தமும் போடாத மேப் அங்கே நாக் செய்யும். ஆகவே பூஸ்ட் இலக்கை அப்சல்யூட் பிரஷரில், அதாவது வெளிக்காற்றழுத்தமும் சேர்ந்த மொத்த அழுத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளிழுக்கும் காற்று சூடேறினால் டைமிங் தானாகக் குறையும் திருத்த அட்டவணையைக் காலியாக விடாதீர்கள். ஊருக்குப் போய்வந்ததும் இசியுவின் பதிவை (லாக்) எடுத்துப் பாருங்கள். எல்லா சிலிண்டரிலும் இசியு தொடர்ந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தால் முதலில் பூஸ்டைக் குறைக்க வேண்டும். டைமிங்கை மட்டும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி, அடி டர்போவுக்கு விழும்.