குளோ எஞ்சினில் எரிபொருளை மிச்சம் வைக்காதீர்கள்

குளோ எஞ்சின் பூட்டிய மாடல் விமானத்தை அன்றைக்குக் கடைசியாகப் பறக்கவிட்டு இறக்கியதும், த்ராட்டிலை மூடி எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓடும்போதே, புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, எரிபொருள் குழாயை அழுத்திப் பிடித்து அதுவாக அணையவிடுங்கள். பிறகு எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை பேட்டரியால் சூடாக்கி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு வெடிப்புகூட வராவிட்டால் உள்ளே காலி. அப்புறம் பிளக்கின் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் நாலைந்து சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் (ஓட்டி முடித்தபின் துரு பிடிக்காமலிருக்க விடும் எண்ணெய்) விட்டு, புரொப்பெல்லரைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள்.

குளோ எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதோடு கலந்திருக்கும் நைட்ரோமீத்தேன் எரிந்த மிச்சமோ அமிலத்தன்மை கொண்டது. இரண்டும் சேர்ந்து முதலில் கடிப்பது புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க பால் பேரிங்கைத்தான். புரொப்பெல்லரைச் சுற்றும்போது மணல் அரைபடுவது போல நறநறவென்றால் துரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். சில சொட்டு எண்ணெயில் ஒரு பேரிங் மிச்சம் என்றால் நல்ல வியாபாரம்தானே!

அரை மணி நேரத்தில் மறுபடி பறக்கவிடப் போகிறீர்களா, இதெல்லாம் வேண்டாம். முழு த்ராட்டிலில் குழாயை அழுத்தவே கூடாது. கலவை மெலிந்து (எரிபொருள் குறைந்து காற்று கூடி) எஞ்சின் கண்டபடி சூடாகும், பிஸ்டனும் லைனரும் தேயும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கார்புரேட்டர் வழியே விட்ட எண்ணெய் நேராகப் பேரிங்குக்குப் போகாது. அதற்கு கிராங்க்கேஸின் (கிராங்க்ஷாஃப்ட் இருக்கும் கூட்டின்) பிரீதர் முனை, அதாவது காற்றுப்போக்கி முனை வழியாகவும் விட வேண்டும்.