ஜி.ஆர்.ஈ. அட்டவணை: உயர்தரத்துக்குப் படித்ததுபோல் படிக்க வேண்டாம்

கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ பல்கலைக்கழகப் பட்டம் முடித்து, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் ஜி.ஆர்.ஈ. என்ற அனுமதிப் பரீட்சைக்குப் போடும் படிப்பு அட்டவணையில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று மாதம் பாடம், கடைசி இரண்டு கிழமை பேப்பர். உயர்தரத்துக்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படித்தோம்.

இங்கே அது சரிவராது. கணிதத்தில் வருவது எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவுப் பகுப்பாய்வுதான். வகையீடு, தொகையீடு கிடையாது. ஆளை விழுத்துவது நேரம். முதல் கணிதப் பகுதியில் 21 நிமிடத்தில் 12 கேள்வி, இரண்டாவதில் 26 நிமிடத்தில் 15. ஆங்கில மொழிப் பகுதி இன்னும் இறுக்கம்: 18 நிமிடத்தில் 12, பிறகு 23 நிமிடத்தில் 15. முதல் பகுதியைச் செய்த விதத்தைப் பார்த்துத்தான் இரண்டாவதன் கடினமும் அமையும். இந்த ஓட்டத்துக்குக் கையும் கண்ணும் பழக மாதங்கள் வேண்டும். அதனால் முதல் கிழமையிலேயே, ஒன்றும் படிக்காமல், ஒரு முழு மாதிரிப் பரீட்சை எழுதுங்கள். பரீட்சையை நடத்தும் ஈ.ரி.எஸ். நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரிப் பரீட்சைகள் இரண்டு. ஒன்றை அன்றைக்கு எழுதி, மற்றதைப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்வரை தொடாமல் வையுங்கள். பிழைத்த கேள்விகள் எவை என்று பார்த்து, அதிலிருந்து அட்டவணை போடுங்கள். பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை. ஒன்றையும் வெறுமையாக விடாமல் பழகுங்கள்.

அண்ணாமார் தந்த பழைய புத்தகத்தின் நேரக்கணக்கையும் நம்ப வேண்டாம். 2023 செப்டெம்பரிலிருந்து பரீட்சை 1 மணி 58 நிமிடம்தான், கட்டுரையும் ஒன்றுதான். சொற்களுக்கு அந்தப் புத்தகம் இன்னும் உதவும்.

அடுத்த தவறு, இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுவது. விண்ணப்பக் கடைசித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பல பல்கலைக்கழகங்களின் கடைசித் திகதி டிசம்பர், ஜனவரியில் வரும். மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். ஆக, முதல் முயற்சி ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடிய வேண்டும். படிப்பு யூனில் தொடங்க வேண்டும். அந்த மாதங்களில்தான் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் வீடுகளுக்கு ஆவணி அறுவடை வருகிறது. வயலுக்குப் போகும் பிள்ளை அந்த நாட்களிலும் நான்கு மணிநேரம் என்று எழுதி வைத்தால், மூன்றாம் நாளே அட்டவணை குழம்பும், மனமும் விட்டுப்போகும். அந்தக் கிழமைகளுக்கு அரை மணிநேரம் போதும் என்று முதலே எழுதுங்கள். அது சோம்பல் இல்லை.

கொழும்பில் எழுதுவதானால் இரவுப் பஸ்ஸில் போய் இறங்கிய கையோடு பரீட்சைக்குள் நுழையாதீர்கள். முதல்நாளே போய்ச் சேருங்கள்.

அப்புறம் பெயர். எங்களுக்கு முதலெழுத்து ஒரு இடத்தில், தகப்பன் பெயர் முழுதாக இன்னொரு இடத்தில் என்று கிடக்கும். பதியும் பெயர் நீங்கள் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கடவுச்சீட்டு எடுப்பதையும் யூன் மாதக் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.