உருளைக்கிழங்கில் தொடங்கி நம் தோல் வரை: பிள்ளைகளோடு செய்து பார்க்கும் பாடம்

கோத்தகிரியில் மார்கழி, தை வந்தால் பிள்ளைகளின் கன்னம் சொரசொரவென்று வெடித்துவிடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக்கித் தடவித்தான் பள்ளிக்கு அனுப்புவோம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியல் சொல்லித்தருகிறேன். தோல் பாடத்தை இந்த மாதங்களுக்கென்றே ஒதுக்கி வைப்பேன். மூன்று அடுக்குப் படம் வரைந்து பெயர் எழுதச் சொன்னால் மறுவாரமே மறந்துவிடுகிறது. தன் தோலிலேயே பார்த்தது மறப்பதில்லை.

எடுத்து வைக்க வேண்டியவை: ஒரே அளவில் இரண்டு உருளைக்கிழங்கு, சமையலறைத் தராசு, பூதக்கண்ணாடி, செல்லோ டேப், கறுப்புத் தாள், வெள்ளைத் தாள், பென்சில், ஸ்கேல், முனை மழுங்கிய ஹேர்பின்.

1. கிழங்கை உரித்து வையுங்கள்

இதற்கு மூன்று நாள் ஆகும், அதனால் முதலில் இது. ஒரு கிழங்கை மட்டும் தோல் சீவுங்கள். இரண்டையும் எடை போட்டு எழுதிக்கொண்டு, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளித் திறந்த தட்டில் வையுங்கள். தினமும் எடை பார்ப்பது பிள்ளைகளின் வேலை. சீவிய கிழங்கு கறுத்து, சுருங்கி, எடை இறங்கிக்கொண்டே போகும். தோலோடு இருப்பது கிட்டத்தட்ட வைத்தபடியே இருக்கும். நம் உடலிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை உள்ளேயே பிடித்து வைப்பது தோலின் முதல் வேலை.

2. முழங்கையில் டேப் ஒட்டி எடுங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். ஒரு சிறு துண்டு டேப்பை முழங்கையில் அழுத்தி, மெதுவாக எடுத்து, கறுப்புத் தாளில் ஒட்டுங்கள். (முகத்திலும் வெடிப்பு, புண் உள்ள இடத்திலும் ஒட்ட வேண்டாம்.) பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். வெள்ளையாக, மாவு தூவியது போல ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அழுக்கு என்பார்கள். அழுக்கல்ல, அவர்களுடைய தோல்தான்.

மேலே இருக்கும் அடுக்கு மேல்தோல். அதன் அடிவரிசையில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. கீழிருப்பவை தள்ளத் தள்ள மேலே ஏறி, வழியில் கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, தட்டையாகிச் செத்துவிடுகின்றன. நகத்திலும் முடியிலும் இருப்பது இதே புரதம்தான். அடியில் பிறந்தது மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். கையைத் தடவினால் நாம் தொடுவது செத்த செல்களை. அந்தச் செத்த செல்களே நமக்குக் காவல்.

ஓட்டுக்கூரையைக் காட்டி விளக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஓடுகளைப் போலச் செல்கள். இடுக்கை அடைக்கும் பூச்சாகக் கொழுப்பு. மழைத்தண்ணீரும் கிருமியும் சுலபமாக உள்ளே இறங்க முடியாது. பனிக்காலக் காற்று காய்ந்திருப்பதால் தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஓடுகள் விளிம்பில் தூக்கிக்கொள்கின்றன. அதுதான் கன்ன வெடிப்பு. எண்ணெய் அந்த இடுக்கை மூடிவிடுகிறது.

மெலனின் என்ற நிறமி உருவாவதும் மேல்தோலின் அடியில்தான். வெயிலின் புறஊதாக் கதிரை அது தடுக்கிறது. உயரம் ஏற ஏற அந்தக் கதிர் கூடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிருகிறதே என்று வெயிலில் தொப்பியில்லாமல் விளையாட விடாதீர்கள்.

3. விரல் ரேகை

பென்சில் கரியைத் தாளில் தேய்த்து, விரலை அதில் உருட்டி, டேப்பில் ஒற்றி, வெள்ளைத் தாளில் ஒட்டினால் ரேகை தெளிவாக விழும். சுழியா, வளையமா, வில்லா என்று பிரித்துப் பார்க்கட்டும். இரண்டு பேருக்கு ஒரே ரேகை அமையாது.

4. ஹேர்பின் முனை ஒன்றா, இரண்டா?

பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஹேர்பினின் இரு முனையையும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து விரல் நுனியில் லேசாகத் தொடுங்கள். “ரெண்டு” என்று சட்டென்று சொல்லும். அதே இடைவெளியில் முன்கையில் தொட்டால் “ஒண்ணு” என்றுதான் பதில் வரும். அங்கே முனைகளை மூன்று, நான்கு சென்டிமீட்டர்வரை விரித்தால்தான் இரண்டாகத் தெரியும். தொடுவதை உணரும் நரம்பு முனைகள் விரல் நுனியில் நெருக்கமாக இருப்பதே முக்கியக் காரணம்.

இந்த நரம்புகளில் பெரும்பாலானவை இருப்பது இரண்டாம் அடுக்கான உள்தோலில். ரத்தக் குழாய், வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம் இங்கேதான். காலையில் ஸ்வெட்டரைக் கழற்றி ஒரு நிமிடம் வாசலில் நிற்கச் சொல்லுங்கள். கை புல்லரிக்கும். ஒவ்வொரு முடியின் வேரிலும் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு தசை இழுக்கிறது. உடனே மேட்டில் ஏறி ஓடிவரச் சொன்னால் முகம் சிவந்து நெற்றி வியர்க்கும். உடல் சூட்டை வெளியேற்றுகிறது. உள்தோலுக்கும் அடியில் கொழுப்பு. அதுவே நம் உள் ஸ்வெட்டர்.

5. முட்டியில் சிராய்ப்பு விழுந்தால்

இதை யாரும் வேண்டுமென்று செய்ய வேண்டாம், விழுந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தேயிலைத் தோட்டக் குறுக்குவழியில் சறுக்கி விழுந்து அழுதுகொண்டே வந்தாள். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிய பிறகு பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். ஓரத்தில் தோல் வெள்ளையாக வழன்றிருந்தது, ரத்தம் இல்லை. மேல்தோலில் ரத்தக் குழாய் கிடையாது. நடுவில் மட்டும் ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். உள்தோல் சின்னச் சின்ன மேடுகளாக மேல்தோலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மேட்டு நுனிகள்தான் அங்கே திறந்திருந்தன. அட்டை கடித்தால் ரத்தம் நிற்காமல் வடிவதும் உள்தோல்வரை வெட்டுவதால்தான். உறையவிடாத ஒரு பொருளையும் அது சேர்த்து விடுகிறது. காயம் ஆழமாகவோ மண் புதைந்தோ இருந்தால் பாடத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தினமும் முட்டியை வரையச் சொன்னேன். மறுநாள் பொருக்கு. பிறகு அரிப்பு. பொருக்கின் அடியில், ஓரத்திலிருந்து புதுச் செல்கள் நகர்ந்து வந்து இடத்தை மூடிக்கொண்டிருக்கும். பிய்த்தால் அந்த வேலை கெடும் என்றதும் கையை எடுத்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் பொருக்கு தானாக விழுந்தது. ரோஜா நிறத்தில் மினுமினுத்த இடத்தைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கோடெல்லாம் இன்னும் வரலை டீச்சர்” என்றாள். நோட்டிலும் அந்த இடத்தைக் கோடில்லாமல்தான் வரைந்திருந்தாள்.