போர்ச் செலவுக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு பரோட்டாக் கடை. அதன் விலைப்பலகையில் முட்டை பரோட்டாவுக்கு எதிரே ஒட்டுத்தாள் மேல் ஒட்டுத்தாளாக மூன்று அடுக்கு இருக்கிறது. ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் பழைய விலை தெரியும். முதல் தாள் 2022 ஏப்ரல் கடைசியில் ஏறியபோது தே தாரிக் எனும் ஆற்றிய தேநீருக்காக நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். "எண்ணெய் டின் என்ன விலை தெரியுமாண்ணே? எல்லாம் அந்த உக்ரேன் சண்டை" என்றார் கடைக்காரர். அந்த வருடம் முடிவதற்குள் உலகச் சந்தையில் சமையல் எண்ணெய் விலை நன்றாகவே இறங்கிவிட்டது. தாள் இறங்கவில்லை. கேட்டால், "எண்ணெய் எறங்குச்சுண்ணே, வாடகை எறங்குச்சா?" என்கிறார்.

சனிக்கிழமை காலையில் அங்கே கூடும் எங்கள் மேசையில் போர் பற்றிப் பேசாத வாரம் குறைவு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா ஒருவர், தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணியை இப்போதுதான் முடித்த தம்பி ஒருவன், சரக்குக் கப்பல் பில்களோடு மாரடிக்கும் நான். மூவருமே மாறி மாறித் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறோம். பெரும்பாலும் ஒரே வகைத் தப்புதான்: போரின் செலவை மளிகைக் கடை ரசீது போல அடியில் ஒரே தொகையாகப் பார்ப்பது. எந்த நாளில், யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

முதல் வாரத்துக் கணிப்பை நம்பியதுதான் எங்கள் முதல் சறுக்கல். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உள்ளே நுழைந்தபோது, கீவ் நகரம் மூன்று நாள் தாங்காது என்றார் மாமா. மார்ச்சில் ஒரு டாலருக்கு 120 ரூபிள் என்று ஆனதும், ரஷ்யப் பொருளாதாரம் மூன்று மாதம் தாங்காது என்றேன் நான். இரண்டும் நடக்கவில்லை. மத்திய வங்கி வட்டியை 20 சதவீதத்துக்கு ஏற்றியது, பணம் வெளியே போகாமல் கதவடைத்தது, எண்ணெய் விற்ற காசு வந்துகொண்டே இருந்தது, இறக்குமதி வற்றியது. ஜூன் கடைசியில் டாலருக்கு ஐம்பது சொச்சம் ரூபிள்தான். உடனே மாமா, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று கட்சி மாறினார். அதுவும் தப்பு. வெளியிலிருந்து வாங்க வழியில்லாமல் போனால் டாலருக்குக் கிராக்கி குறையும், நாணயம் வலுப்பெறும். சாப்பிட வழியில்லாதவன் பர்ஸில் காசு மிச்சமிருப்பது மாதிரி.

இது ரஷ்யாவுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. ஈராக் படையெடுப்புக்கு முன், 2002 டிசம்பரில், வெள்ளை மாளிகை வரவுசெலவு அலுவலகம் சொன்ன மதிப்பு 50 முதல் 60 பில்லியன் டாலர். 100 முதல் 200 பில்லியன் வரை ஆகலாம் என்று சொன்ன அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே அதே மாதம் பதவியை விட்டுப் போக வேண்டியிருந்தது. கடைசியில் ஈராக்குக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய நேரடித் தொகை மட்டுமே 800 பில்லியனைத் தாண்டியது. காயம்பட்ட வீரர்களின் வாழ்நாள் மருத்துவமும், கடனுக்கான வட்டியும் அதற்கு மேல்.

நம் ஊரிலேயே இந்த மயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. பள்ளியில் படித்த படையெடுப்பு குறுகியது: 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. எழுபது நாள். ஆனால் ஜப்பான் 1937இலிருந்தே சீனாவில் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தப் போரை ஓட்ட எண்ணெயும் ரப்பரும் வெள்ளீயமும் வேண்டியிருந்ததும் அவர்கள் தெற்கே இறங்க ஒரு காரணம். எழுபது நாள் என்பது எட்டு வருடப் போரின் நடுவில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கான பில்லை இங்கே இருந்தவர்கள் மூன்றரை வருடம் கட்டினார்கள். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு கடைசியில் வெறும் காகிதமானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. எங்கள் மாமாவின் பெரியப்பா அப்படிப் போனவர்தான். அவர் பெயரை மாமா அடிக்கடி எடுப்பதில்லை.

அடுத்தது, ஒரு சொல்லால் வரும் தப்பு. 2025 ஜூனில் தம்பியின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது: "ரஷ்ய வீரர்கள் 10 லட்சம் பேர் பலி." மூலச் செய்தியில் இருந்தது ‘கேஷுவல்டி’. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் கேஷுவல்டி என்று ஒரு வார்டு இருக்கிறதே, அங்கே படுத்திருப்பவர்கள் எல்லாம் செத்தவர்களா? இறந்தவர், காயம்பட்டவர் எல்லாரும் சேர்ந்த எண்ணிக்கை அது. சொன்னது உக்ரேன் ராணுவம். எதிரியின் இழப்பைக் கூட்டியும் தன் இழப்பைக் குறைத்தும் சொல்வது எந்தப் போரிலும் வழக்கம். பிபிசி ரஷ்யப் பிரிவும் மீடியாசோனா எனும் சுயேச்சை ரஷ்யச் செய்தித் தளமும் இரங்கல் அறிவிப்பு, கல்லறை, நீதிமன்றப் பதிவு என்று பெயர் பெயராகத் தேடி உறுதிசெய்த ரஷ்ய மரணங்கள் 2025 நடுவில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன. உண்மைத் தொகை அதைவிடக் கூட. உக்ரேன் தரப்பில் 46,000க்கு மேற்பட்ட வீரர்கள் இறந்ததாக அதிபர் ஸெலன்ஸ்கி 2025 பிப்ரவரியில் சொன்னார்.

சொல்லைத் திருத்துவதோடு இந்த விஷயம் முடியாது. கருணையில்லாத கணக்குதான், ஆனால் அரசாங்கத்தின் கஜானாவுக்குக் காயம்பட்டவர் இறந்தவரைவிடக் கூடுதல் செலவு. கால் போன இருபத்தைந்து வயதுக்காரருக்கு இன்னும் நாற்பது வருடம் ஓய்வூதியம், செயற்கைக் கால், மருந்து, வீட்டில் கவனிக்க ஓர் ஆள். இறந்தவருக்கும் காயம்பட்டவருக்கும் பதிலாகப் புதிய ஆளைப் பிடிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரைக் கட்டாயமாக அழைத்தபோது ஏராளமானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். அதன்பின் மாஸ்கோ காசைக் காட்டியது: 2024 ஜூலையில் மாஸ்கோ நகரம் கையெழுத்துப் போட்டாலே 19 லட்சம் ரூபிள் என்று அறிவித்தது. ராணுவம் இவ்வளவு கொடுத்தால் பஸ் ஓட்டுநரை வேலையில் வைத்திருக்க பஸ் கம்பெனியும் சம்பளத்தை ஏற்றத்தான் வேண்டும். சம்பளம் ஏறினால் விலைவாசி. விலைவாசியைப் பிடிக்க 2024 அக்டோபரில் வட்டி 21 சதவீதம். கையெழுத்துப் பணத்துக்கும் ஒரு ரஷ்யக் குடும்பத்தின் வீட்டுக் கடனுக்கும் நடுவில் இப்படி ஒரு சரடு ஓடுகிறது.

"அப்புறம் ஏன் வளர்ச்சி வருது?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ரஷ்யப் பொருளாதாரம் 4 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. ஊரில் தீபாவளிக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு வெடி வாங்கினால் கடைக்காரருக்கு வியாபாரம், சிவகாசியில் வேலை. எல்லாம் வளர்ச்சிக் கணக்கில் ஏறும். காலையில் கூட்டினால் வாசலில் காகிதம். (இங்கே வெடிக்குத் தடை, மத்தாப்போடு சரி.) தொழிற்சாலையில் செய்த டாங்கியும் உற்பத்திதான். அது கிழக்கு உக்ரேனின் பக்ரோவ்ஸ்க் பக்கம் ஒரு வாரத்தில் எரிந்துபோனால் அதைக் கழிக்க அந்தக் கணக்கில் இடமில்லை. வேலை பார்த்தவருக்குச் சம்பளம் நிஜம், ஊருக்கு மிச்சம் எதுவுமில்லை. பில் வராமலும் போகவில்லை: 2026 ஜனவரியிலிருந்து ரஷ்யாவில் மதிப்புக்கூட்டு வரி 20இலிருந்து 22 சதவீதம். இங்கே ஜிஎஸ்டி 8இலிருந்து 9 ஆனபோது எங்கள் மேசை போட்ட சத்தம் நினைவுக்கு வருகிறது.

டாலரில் மாற்றி ஒப்பிடுவதும் ஏமாற்றும். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் கணக்கில் 2024இல் ரஷ்யாவின் ராணுவச் செலவு ஏறக்குறைய 149 பில்லியன் டாலர், உக்ரேனுடையது 65 பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ரஷ்யாவுக்கு அது உள்நாட்டு உற்பத்தியில் 7.1 சதவீதம், உக்ரேனுக்கு 34 சதவீதம். சிங்கப்பூர் ஒதுக்குவது சுமார் 3 சதவீதம். சம்பாதிப்பதில் மூன்றில் ஒன்றைக் காவலுக்கே கொடுக்கும் குடும்பம், பள்ளிக்கூடத்தையும் ஓய்வூதியத்தையும் வெளியிலிருந்து வரும் உதவியில்தான் ஓட்ட முடியும். உக்ரேன் அப்படித்தான் ஓட்டுகிறது.

"சில நூறு டாலர் டிரோன் ஒன்று மில்லியன் கணக்கான டாலர் டாங்கியை எரித்துவிட்டது, இனிமேல் சண்டை மலிவு" என்று தம்பி சொல்வான். ஒன்றின் விலை மலிவு, உண்மை. ஆனால் உக்ரேன் ஒரு வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் டிரோன் செய்கிறது, பெரும்பாலானவை இலக்கை அடைவதே இல்லை. எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும்: ரஷ்யா ஏவும், பல்லாயிரம் டாலர் பெறும் ஷாஹெட் டிரோன் மின்நிலையத்தை நோக்கி வரும்போது, கையில் வேறு எதுவும் இல்லையென்றால் சில மில்லியன் டாலர் ஏவுகணையால்தான் அதைத் தடுக்க வேண்டும்.

காசிருந்தால் குண்டு வாங்கிவிடலாம் என்று நினைப்பதுதான் என் தொழிலில் இருப்பவனுக்கு மிகவும் உறுத்துகிறது. போருக்கு முன் அமெரிக்கா மாதத்துக்குத் தயாரித்த 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் சுமார் 14,000. 2022 கோடையில் ரஷ்யா அதைவிட அதிகமாக ஒரே நாளில் சுட்டுக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சுக்குள் 10 லட்சம் குண்டு தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. காலக்கெடு வந்தபோது ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. பணம் இருந்தது; வெடிமருந்தும் எந்திரமும் பயிற்சி பெற்ற ஆளும் போதவில்லை. கப்பலில் இடம் கிடைக்காத வாரத்தில் வாடிக்கையாளர் "காசு எவ்வளவுன்னாலும் பரவாயில்ல" என்று கத்துவார். காசைக் கடலில் மிதக்கவிட முடியாது.

ரஷ்யாவுக்கு வேறொரு வசதி இருந்தது: சோவியத் காலத்து டாங்கிகள் ஆயிரக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி விருந்து வைத்தால் செலவு தெரியாது. பரண் காலியானபின் அடுத்த பாத்திரத்தை இன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும். அதுவரை "சமாளிக்கிறான்" என்று பேசுவோம்.

பரோட்டாக் கடைக்கு வருவோம். அவர் ஊற்றுவது பாமாயில், அது உக்ரேனில் விளைவதில்லை. ஆனால் உக்ரேனின் சூரியகாந்தி எண்ணெய் நின்றதும் வாங்குபவர்கள் எல்லாரும் பாமாயில் பக்கம் திரும்பினார்கள். உள்ளூரில் விலை ஏறியதும் இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 13 அன்று இந்தியா கோதுமைக்குத் தடை போட்டது. ஜூன் 1 முதல் மலேசியாக் கோழியும் நின்றது. அப்போது நம் கோழி இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்தது. தீவனச் சோளம், சோயா விலை ஒரு காரணம், மலேசியாவின் உள்நாட்டு விலைக் கட்டுப்பாடு இன்னொன்று. மின்சாரமும் அப்படியே. நம் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் எரிவாயுவில் வருகிறது. அந்த எரிவாயு ஒப்பந்த விலை எண்ணெய் விலையோடு கட்டப்பட்டது. ரஷ்யக் குழாய் வாயுவை இழந்த ஐரோப்பா திரவ எரிவாயுக் கப்பல்களைக் கூடுதல் விலைக்கு இழுத்துக்கொண்டது. 2022 ஜூலையில் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 30 காசைத் தாண்டியது. நாம் முனகிக்கொண்டே கட்டினோம். விலை கொடுக்க முடியாத பாகிஸ்தானும் பங்ளாதேஷும் இருட்டில் இருந்தன. போரில் இல்லாதவர்களுக்கும் பில் வரும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் என்னிடம் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் போர்மேல் போடவும் கூடாது. இங்கே மின்விற்பனை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடியது 2021 அக்டோபரிலேயே, படையெடுப்புக்கு நான்கு மாதம் முன்பு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியைத் தடுத்ததும் இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மூட்டை மூட்டையாக வாங்கினார்களே, அது மழை பொய்த்துவிடும் என்ற பயமும் உள்ளூர் விலையும் செய்த வேலை. பிறகு சிங்கப்பூருக்கென 50,000 டன் அனுமதித்தார்கள்.

பொருளாதாரத் தடை பலித்ததா இல்லையா என்று ஒரே வார்த்தையில் கேட்பதும் எங்கள் மேசையின் பழக்கம். 2022 மார்ச்சில் சிங்கப்பூரும் ரஷ்யாமீது தடை விதித்தது. நான்கு ரஷ்ய வங்கிகள், மின்னணுப் பொருள்கள் என்று. "சின்ன ஊருக்கு எதுக்கு வம்பு" என்றார் மாமா. இதற்கு முன் நாம் இப்படி நின்றது கம்போடியா விஷயத்தில். 1978 டிசம்பர் 25 அன்று வியட்னாம் உள்ளே போனது, ஜனவரி 7 அன்று நோம்பென் கையில். இரண்டே வாரத்தில் ராணுவ வெற்றி. விரட்டப்பட்டது கம்போடியாவை ஆண்ட ‘போல் பாட்’ என்பவரின் கொலைகார ஆட்சி, வியட்னாம் பக்கம் நியாயமும் இருந்தது. செலவு நியாயம் பார்த்து வருவதில்லை. பிப்ரவரியில் சீனா வடக்கு எல்லையில் அடித்தது, மேற்கின் உதவியும் ஜப்பானின் உதவியும் நின்றன, நாடு மாஸ்கோவின் தயவில் ஓடியது, 1986இல் விலைவாசி பல நூறு சதவீதம் ஏறியது. அந்த வருடக் கடைசியில்தான் சந்தைக்குக் கதவைத் திறந்த டோய் மோய் சீர்திருத்தம். படை வெளியேறியது 1989 செப்டம்பரில். இரண்டு வார வெற்றிக்குப் பத்து வருடத் தவணை. தடை ஒரே அடியில் ஆளை வீழ்த்தியதா என்று முதல் வருடத்தில் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம்.

உக்ரேனில் தவணை இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை. உலக வங்கி 2025 பிப்ரவரியில் போட்ட கணக்கில் மறுகட்டுமானத்துக்குப் பத்து ஆண்டுகளில் 524 பில்லியன் டாலர் வேண்டும், அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல் சுமார் 2.8 மடங்கு. ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் வெளிநாடுகளில் முடங்கிக் கிடக்கிறது. அதைத் தொடலாமா என்று நெடுநாள் பேசிவிட்டு, 2025 டிசம்பரில் ஐரோப்பியத் தலைவர்கள் தாங்களே கடன் வாங்கி உக்ரேனுக்கு 90 பில்லியன் யூரோ தர முடிவு செய்தார்கள். அந்தக் கடனைக் கட்டப்போவது இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஐரோப்பியப் பிள்ளைகள்.

விலைப்பலகையின் மூன்றாவது தாள் 2024 ஜனவரியில், ஜிஎஸ்டி 9 ஆன வாரம் ஏறியது. போன சனிக்கிழமை கேட்டேன். அதுவும் உக்ரேன்தானாம். அதை மட்டும் நாங்கள் மூவருமே ஒப்புக்கொள்ளவில்லை.