தற்காலிக புரொஃபைலில் சிக்கிய லாகின்: சரிசெய்த விதம்

அலுவலக நெட்வொர்க்கில் ஒரு விண்டோஸ் கணினியில் மட்டும், ஒரு பயனர் லாகின் செய்தால், அவருடைய ஃபைல்களும் செட்டிங்குகளும் உள்ள சொந்த புரொஃபைலுக்குப் பதிலாகத் தற்காலிக புரொஃபைல்தான் திறந்தது. டெஸ்க்டாப் காலி. பாஸ்வேர்டை மாற்றினேன், கணினியை டொமைனிலிருந்து (அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) நீக்கி மறுபடி சேர்த்தேன், பலனில்லை. அதே பயனர் பக்கத்துக் கணினியில் சிக்கலின்றி நுழைந்ததால், கோளாறு இந்தக் கணினிக்குள்தான் என்று புரிந்தது.

அப்புறம் அட்மின் கணக்கில் நுழைந்து, விண்டோஸின் செட்டிங்குகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், பயனர்களின் புரொஃபைல்களைப் பட்டியலிடும் புரொஃபைல்லிஸ்ட் பகுதியைத் திறந்தேன். அந்தப் பயனருடைய எஸ்ஐடி எண் (கணக்குக்கு விண்டோஸ் தரும் அடையாள எண்) இரண்டு முறை இருந்தது. ஒன்றின் வாலில் மட்டும் 'டாட் பிஏகே' (.bak) என்று இருந்தது. எண் நீளமானது, இடது பக்கத்தை இழுத்து அகலமாக்கினால்தான் இந்த வால் கண்ணில் படும். உண்மையான ஃபோல்டரைக் காட்டியது வாலுள்ளதுதான். ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துவிட்டு, வாலில்லாததன் பெயரை மாற்றினேன். மற்றதன் வாலை நீக்கி, அதற்குள் புரொஃபைலின் நிலையைக் குறிக்கும் ஸ்டேட் (State) மதிப்பை 0 ஆக்கினேன். ரீஸ்டார்ட் செய்ததும் எல்லா ஃபைல்களோடும் லாகின் ஆனது. அப்பாடா!